பேரன் கையில் இருக்கும் கிளமென்டே

கேள்வி: என் மகள் வயிற்றுப் பேரன் நியூஜெர்சியில் எட்டாம் வகுப்புப் படிக்கிறான். பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட பழைய அட்டைகளைச் சேர்க்கிறான். போன வாரம் வீடியோ காலில் 1968ஆம் வருடத்து அட்டை ஒன்றைப் பெருமையாகக் காட்டினான். நாலு முனையும் மழுங்கி, நடுவில் ஒரு மடிப்பு. பாப் கிளமென்டே என்று பெயர் போட்டிருந்தது. "ஒரே ஒரு அட்டை 100 கோடி ரூபாய்க்கு ஏலம் போனதாம். அப்படி விலை ஏறுகிற அட்டையாகப் பார்த்து வாங்கு, இந்தக் குப்பை எதற்கு?" என்றேன். அதிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் நல்லதைத்தானே சொன்னேன்?
- ஒரு தாத்தா, பாளையங்கோட்டை

பதில்: இல்லை அய்யா, நீங்கள் நல்லதைச் சொல்லவில்லை. குப்பை என்ற சொல்லை முதலில் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். "யாரப்பா இவர்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பேரன் அரை மணி நேரம் பேசியிருப்பான்.

நீங்கள் படித்த ஏலம் 2022 ஆகஸ்டில் நடந்தது. 1952இல் டாப்ஸ் கம்பெனி போட்ட மிக்கி மேன்டில் அட்டை, எண் 311. விலை 1 கோடியே 26 லட்சம் டாலர். மேன்டில் நியூயார்க் யாங்கீஸின் பெரிய ஆட்டக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது அவருடைய முதல் அட்டைகூடக் கிடையாது. பௌமன் என்ற கம்பெனி முந்தின வருடமே அவருக்கு அட்டை போட்டுவிட்டது. அபூர்வமான அட்டை என்றும் சொல்ல முடியாது. அச்சுத் தாளில் இரண்டு இடத்தில் இருந்ததால், கூட வந்த பல அட்டைகளைவிட இதுதான் அதிகம் அச்சானது. அந்த வரிசை வருடக் கடைசியில் கடைக்கு வந்து, விற்காமல் தேங்கி, மிச்சத்தை 1960இல் அட்லான்டிக் கடலில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அப்படியும் மேன்டில் அட்டைகள் நிறையவே மிஞ்சியிருக்கின்றன. பிறகு ஏன் இந்த விலை? முனைகள் கத்தி மாதிரி இருக்கின்றன. தரம் பார்க்கிற கம்பெனி பத்துக்கு ஒன்பதரை போட்டு, பிளாஸ்டிக்கில் அடைத்து முத்திரை வைத்திருக்கிறது. எழுபது வருடத்தில் ஒரு பையன்கூட அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடியதில்லை. நூறு கோடி அதற்குத்தான்.

அடுத்த எண் 312 யார் தெரியுமா? ஜாக்கி ராபின்சன். அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான பெரிய லீக், கறுப்பர்களுக்கு அறுபது வருடத்துக்கு மேல் சாத்தியிருந்த கதவைத் திறந்துகொண்டு, 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு ஆட இறங்கியவர். அவர் சட்டையில் போட்ட 42ஆம் எண்ணைப் பெரிய லீக்கின் எல்லா அணிகளும் 1997இல் நிரந்தரமாக ஒதுக்கி வைத்துவிட்டன. அதே வருடம், அதே வரிசை, அதே இரட்டை அச்சு. விலை மட்டும் மேன்டிலுக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. விலையை வைத்து ஆளை அளக்கலாம் என்று இதற்குப் பிறகும் சொல்வீர்களா?

முனைக்குத்தான் பணம் என்று ஆகிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு, அந்தக் காலத்து பேஸ்பால் ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னரின் அட்டையே சாட்சி. 1909இலிருந்து 1911வரை சிகரெட் பாக்கெட்டில் வைத்துக் கொடுத்த அட்டை அது. நம் ஆள்காட்டி விரல் நீளம்கூட இராது. ஆரஞ்சுப் பின்னணியில், நடுவகிடு எடுத்த தலையோடு வாக்னர். சட்டையில் ‘பிட்ஸ்பர்க்’. தன் படத்தைப் போட அவர் சம்மதிக்காததால் அச்சு சீக்கிரமே நின்றுபோனது. சிறுவர்கள் புகையிலை வாங்கிவிடக் கூடாதே என்று மறுத்தார் என்பார்கள், பணம் தராததால் மறுத்தார் என்பாரும் உண்டு. (அவரே புகையிலை போட்டவர்தான்.) ஐம்பது அறுபது பிரதிதான் மிஞ்சியிருக்கிறது. அவற்றில் மிக அழகானது என்று பேர் வாங்கிய ஒன்றை, 1991இல் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி ஒரு கூட்டாளியோடு சேர்ந்து 4,51,000 டாலருக்கு வாங்கினார். தரச்சான்றும் கிடைத்தது. அதன் ஓரங்களை வெட்டிச் சரிசெய்தது தான்தான் என்று, அதை முன்பு கையில் வைத்திருந்த ஏலக்காரர் 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

இதற்கு நேர் எதிரான ஒருவரைச் சொல்கிறேன். ஜெபர்சன் பர்டிக், நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் ஊர்க்காரர், சாதாரணத் தொழிலாளி. வாக்னர் அட்டையை உலகமே ‘டி206’ என்று சொல்கிறதே, அந்தப் பெயர் அவர் போட்ட பட்டியலிலிருந்து வந்ததுதான். தான் சேர்த்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுப் படங்களை, முப்பதாயிரம் பேஸ்பால் அட்டைகள் உட்பட, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். மூட்டுவாதத்தால் விரல்கள் முடங்கிக்கொண்டிருந்த நிலையில், வருடக்கணக்காக அங்கே உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டினார். ஆமாம், பசை போட்டு ஒட்டினார். வாக்னர் அட்டையும் அந்தச் சேகரத்தில் உண்டு. இன்றைய விலைக்காரர்கள் பார்த்தால் நெஞ்சில் கைவைப்பார்கள். 1963 ஜனவரியில் வேலையை முடித்தார், மார்ச்சில் காலமானார். பார்க்க வருகிறவர்களுக்கு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு.

சரி, உங்கள் பேரனின் அட்டைக்கு வருவோம். 1968 டாப்ஸ் அட்டையின் ஓரம் சாக்குத் துணி மாதிரி இருக்கும், கவனித்தீர்களா? அதில் பாப் என்று போட்டிருக்கிறதே, அது அவர் பெயரே இல்லை. அவர் ராபர்ட்டோ கிளமென்டே, ஸ்பானிஷ் பேசும் கரீபியன் தீவான புவெர்ட்டோ ரிக்கோவின் கரோலினா ஊர்க்காரர், வாக்னர் ஆடிய அதே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்காரர். 1955இல் வந்த முதல் அட்டையில் ராபர்ட்டோ என்றுதான் இருந்தது. அப்புறம் அமெரிக்க நாக்குக்கு வசதியாக ‘பாப்’ ஆக்கினார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் 1969வரை அட்டையில் அப்படியே அச்சடித்தார்கள். 1971இல் பைரேட்ஸ், பெரிய லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றபோது தொலைக்காட்சி மைக்கை அவர் முன் நீட்டினார்கள். முதலில் ஸ்பானிஷில் பேசி, ஊரில் இருந்த பெற்றோரிடம் ஆசி கேட்டார் அந்த மனிதர்.

1972 செப்டம்பர் 30 அன்று தன் 3000ஆவது ஹிட்டை (பந்தை அடித்துவிட்டு ஓடிப் பத்திரமாக பேஸைச் சேர்வது) அடித்தார். அந்த டிசம்பரில் நிகராகுவாவின் மனாகுவா நகரம் பூகம்பத்தில் இடிந்தது. அனுப்பிய நிவாரணப் பொருள்கள் உரியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று கேள்விப்பட்டு, நானே கொண்டுபோகிறேன் என்று டிசம்பர் 31 இரவு சரக்கு விமானத்தில் ஏறினார். விமானம் கிளம்பிய சற்று நேரத்தில் கடலில் விழுந்தது. உடல் கிடைக்கவே இல்லை. வயது 38. பெரிய லீக்கில் அவர் அடித்த ஹிட்கள் சரியாக 3000. பெரிய ஆட்டக்காரர்களுக்கு, ஓய்வுபெற்று ஐந்து வருடம் கழித்துத்தான் தரும் ‘ஹால் ஆப் ஃபேம்’ கௌரவத்தை, விதியைத் தள்ளிவைத்து 1973இலேயே அவருக்குத் தந்தார்கள்.

இந்த ஆளின் அட்டையைத்தான் நீங்கள் குப்பை என்றீர்கள். நடுவில் மடிப்பு விழுந்திருக்கிறதென்றால், அவர் உயிரோடு ஆடிக்கொண்டிருந்த காலத்தில் ஏதோ ஒரு பையன் அதைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருப்பான்.

இன்றைக்கே பேரனைக் கூப்பிடுங்கள். அட்டையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். பின்பக்கம் 1967 வருட வரிசையில் .357 என்று இருக்கும், அது எவ்வளவு பெரிய சராசரி என்று அவனே விளக்குவான். அமெரிக்கப் பள்ளியில் அவன் பெயரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்றும் கேளுங்கள். 1970ஆம் வருடத்து டாப்ஸ் அட்டையில் ராபர்ட்டோ என்று திரும்பவும் சரியாகப் போட்டிருக்கிறார்கள். பிறந்தநாளுக்கு அதை வாங்கிக் கொடுங்கள். முனை மழுங்கியதாகவே பாருங்கள், உங்கள் பென்ஷனுக்குள் அடங்கும்.