சப் கான்ட்ராக்ட் பாக்கி: ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுப்பதற்கு முன்

கேள்வி: குடியாத்தத்தில் என் பெயரில் கட்டுமான நிறுவனம் நடத்துகிறேன். சின்னதாக ஒரு ஹாலோ பிளாக் யூனிட்டும் உண்டு. குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு 2022இலேயே எடுத்துவிட்டேன். காட்பாடியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குச் சப் கான்ட்ராக்ட் செய்தேன். வேலை முடிந்து பில் கொடுத்து எட்டு மாதமாகியும் 14 லட்சம் பாக்கி. போன் செய்தால் "வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க, பேசிக்கலாம்" என்கிறார்கள். வசூலாகும் தொகையில் 10 சதவீதம் கொடுத்தால் 45 நாளில் வட்டியோடு வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: வேண்டாம். அதைவிட அவசரம், வீட்டுக்காரரை அனுப்பாதீர்கள். பெண் முதலாளி என்றால் இப்படிக் கேட்பது இந்தத் தொழிலில் பழைய தந்திரம். அவர் போவார், டீ வரும், ஒன்றிரண்டு லட்சம் கையில் கொடுப்பார்கள். கூடவே ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வவுச்சர் ஒன்று வரும்; அதில் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி பாக்கி ஏதும் இல்லை" என்று எழுதியிருக்கும். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் மீதிப் பணத்துக்கு நீங்கள் வருடக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி அபராதம் வாங்கியவருக்குத்தான். எது வந்தாலும் நிறுவனத்தின் கணக்குக்கே வரட்டும்.

அடுத்து அளவு. பெரும்பாலான பாக்கித் தகராறு பணத்தில் தொடங்குவதில்லை, செய்த வேலையின் அளவைக் குறிக்கும் எம்-புக்கில்தான் தொடங்குகிறது. பூச்சு வேலையில் ஜன்னல், கதவுக்குக் கழிவு போட்டார்களா, லின்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலுள்ள கான்கிரீட் பட்டை) தனிக் கணக்கா என்று எட்டு மாதம் கழித்துக் கிளப்புவார்கள். அவர்களின் சைட் இன்ஜினியர் கையெழுத்திட்ட அளவுத் தாள்களைத் தேடி எடுங்கள். இல்லையென்றால் இன்றைக்கே அளவு விவரத்தையும் பாக்கித் தொகையையும் அவர்கள் அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். "பார்த்துச் சொல்கிறோம், கொடுத்துவிடுகிறோம்" என்று எழுத்தில் ஒரு பதில் வந்தால் அதுவே பெரிய சாட்சி. வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

அந்த மின்னஞ்சலிலேயே ஒரு வரி சேருங்கள். உங்கள் பில்லுக்கான ஜி.எஸ்.டி.யை நீங்கள் கட்டிவிட்டீர்கள். அதை அவர்கள் உள்ளீட்டு வரியாக, அதாவது தாங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்து, எடுத்திருப்பார்கள். பில் தேதியிலிருந்து 180 நாளில் பணம் தராவிட்டால் எடுத்ததை வட்டியோடு திருப்ப வேண்டும். உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. இந்த வரியைப் படித்ததும் அவர்களுடைய ஆடிட்டரே முதலாளிக்குப் போன் போடுவார்.

சரி, 45 நாள் கதைக்கு வருவோம். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டம் 2006இன்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது. மீறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் (பேங்க் ரேட்) போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. ஏஜென்ட் சொன்ன 45 நாள் இங்கிருந்து எடுத்ததுதான். அது பணம் கொடுக்க வேண்டிய கெடு, வசூலாகும் கெடு அல்ல! இந்தப் பாக்கிகளை விசாரிக்க அதே சட்டப்படி அமைத்த கவுன்சிலுக்கு மனு போனால் 90 நாளில் முடிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. சட்டம் எழுதியவர்கள் அந்த அலுவலகத்தின் கோப்பு அடுக்கைப் பார்த்ததில்லை போலும்.

ஏஜென்ட் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பொருளும் கூலியும் சேர்ந்து ஒரே வேலையாகச் செய்வது ஒர்க்ஸ் கான்ட்ராக்ட். அது இந்தச் சட்டத்துக்குள் வராது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் போன்றவை சொல்லியிருக்கின்றன. கட்டுமானத்தில் பாதிப்பேர் மாட்டுவது இங்கேதான். சிமென்ட், கம்பி அவர்கள் தந்து நீங்கள் ஆள் மட்டும் விட்டிருந்தால் அது சேவை, சட்டத்துக்குள் வரும் என்று வாதாடலாம். ஹாலோ பிளாக் உங்கள் யூனிட்டிலிருந்து தனி பில், தனி டெலிவரி சலானில் போயிருந்தால் அது பொருள் சப்ளை. அந்தப் பாக்கிக்குக் கவுன்சிலில் தைரியமாக மனுப் போடலாம். ஆனால் பிளாக்கையும் சுவர் கட்டிய கூலியையும் சேர்த்துச் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே பில்லாகப் போட்டிருந்தால், "இது ஒர்க்ஸ் கான்ட்ராக்ட்" என்று முதல் நாளே எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நிற்பார். ஆகவே 14 லட்சத்தில் எது எந்த வகை என்று முதலில் பிரித்துப் பாருங்கள். இனிமேலாவது பிளாக்குக்குத் தனி பில் போடுங்கள்.

கவுன்சில் மனுவை இணையத்தில் நீங்களே போடலாம், ஏஜென்ட் தேவையில்லை. ஆதார் ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள். உத்யம் பதிவில் தன் மொபைல் எண்ணைப் போட்டுவிட்டு, பிறகு ஒவ்வொரு திருத்தத்துக்கும் காசு கேட்கிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள்.

கவுன்சிலில் போட முடியாத பகுதிக்கு வக்கீல் நோட்டீஸ், அப்புறம் வணிக வழக்கு. அந்தப் பகுதி 3 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் வழக்குக்கு முன் சமரசத்துக்குப் போயாக வேண்டும். சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். வழக்குக்கான கெடு வேலை முடிந்ததிலிருந்து மூன்று வருடம். ஒர்க் ஆர்டர், பில், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், அளவுத் தாள் நான்கையும் ஒரே ஃபைலில் எடுத்துக்கொண்டு நீங்களே போங்கள்.