வேண்டாம் என்று சொல்கிறவர்

அன்புள்ள மேடம்,

நான் சியாட்டில் பக்கத்தில் ரெட்மண்டில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கரூர். சில வருடங்களாக ஸ்கீயிங், அதாவது பனிச்சறுக்கு, போகிறேன். இந்தக் குளிர்காலத்தில் ரிசார்ட்டை விட்டு வெளியே, பேக்கன்ட்ரிக்குப் போக ஆரம்பித்திருக்கிறேன். லிஃப்ட் கிடையாது. நாமே மலையேறி, யாரும் மிதிக்காத பனியில் இறங்க வேண்டும். அந்த அனுபவத்தை வார்த்தையில் சொல்ல முடியவில்லை. பனிச்சரிவு பற்றிய முதல் நிலைப் பயிற்சியை முடித்துவிட்டேன். புதைந்தவரைத் தேட உதவும் சிக்னல் கருவியான பீக்கன், பனி தோண்டும் ஷவல், பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பியான ப்ரோப் எல்லாம் இருக்கிறது. ஆபத்தில் இழுத்தால் முதுகுப்பையிலிருந்து பலூன் மாதிரி உப்பும் ஏர்பேக் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். கூட வரும் நாலு பேருக்கும் பத்துப் பதினைந்து வருட அனுபவம். நான்தான் புதியவன் என்பதால் எங்கே போவது, எப்போது திரும்புவது என்பதையெல்லாம் அவர்களிடமே விட்டுவிடுவேன்.

அப்பாவுக்கு ஒரு வீடியோ அனுப்பினேன். அன்றிலிருந்து தினமும் போனில் சண்டை. "உனக்கு அங்க என்னடா குறைச்சல்" என்கிறார். நம் சமூகத்துக்கு ஏன் இவ்வளவு பயம்? சாகசத்தின் அருமையை அவருக்கு எப்படிப் புரிய வைப்பது?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

சமூகத்துக்கு ஏன் பயம் என்ற கேள்வியை முதலில் ஓரமாக வையுங்கள். கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர்களும் இந்தச் சமூகம்தான். 2016 பிப்ரவரியில் சியாச்சின் பனிச்சரிவில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் பத்துப் பேர் இறந்தார்களே, அவர்களில் வேலூர்க்காரரும் மதுரைக்காரரும் இருந்தார்கள். உங்களுக்குத் தெரிந்த நாலு மிடில்கிளாஸ் குடும்பத்தை வைத்துக்கொண்டு சமூகம் என்று எழுதாதீர்கள். படிக்க எரிச்சலாக இருக்கிறது.

ஏர்பேக் வாங்குங்கள். புரண்டு வரும் பனியில் ஆளை மேலாக வைத்திருக்க அது உதவும். மரத்தில் மோதினால் உதவாது. பீக்கனும் ஷவலும் பனிச்சரிவு வந்த பிறகு வேலை செய்கிற சாமான்கள். புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார். அரை மணி நேரம் தாண்டினால் பெரும்பாலும் இல்லை. இதெல்லாம் பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரிக்காக. "நான்தான் புதியவன் என்பதால் அவர்களிடமே விட்டுவிடுவேன்." அடக்கமான பிள்ளை என்று பெயர் வாங்கப் போகிறீர்களா தம்பி? மனதில் சந்தேகம் வந்த ஆள் ஒரு கூட்டத்தில் ஏன் வாயைத் திறப்பதில்லை என்று சில மாதங்களாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஆரம்பித்த யோசனை, அது வேறு கதை. உங்கள் கடிதம் சரியாக அதே இடத்தில் வந்து விழுந்தது.

உங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் காரில் போய்விடக்கூடிய ஸ்டீவன்ஸ் பாஸ் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2012 பிப்ரவரி 19 அன்று அங்கே நடந்ததைப் பயிற்சியிலும் சொல்லியிருக்கலாம். ரிசார்ட் எல்லைக்கு வெளியே, மலையின் மறுபக்கம், டனல் கிரீக். ஞாயிற்றுக்கிழமை, இரண்டு நாளாகக் கொட்டிய புதுப் பனி. 16 பேர் கிளம்பினார்கள். அவர்கள் கற்றுக்குட்டிகள் இல்லை. தொழில்முறை ஸ்கீ வீரர்கள், ஸ்கீ பத்திரிகைக்காரர்கள், போட்டி நடத்துகிறவர், அந்த மலையிலேயே பல வருடம் இறங்கிய உள்ளூர்க்காரர்கள். பனி கழன்று சரிந்து வந்து மூன்று பேர் இறந்தார்கள். அடித்துச் செல்லப்பட்ட இன்னொருவர் ஏர்பேக் அணிந்திருந்தார், பிழைத்தார்.

பிழைத்தவர்களில் பலர் பிறகு பேட்டிகளில் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. கிளம்பும்போதே அவர்களுக்கு உறுத்தியிருக்கிறது. இத்தனை பேர் ஒன்றாகப் போகிறோமே, இவ்வளவு புதுப் பனி விழுந்திருக்கிறதே என்று. சுற்றிலும் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய ஆட்கள் சேர்ந்து தப்பான முடிவு எடுப்பார்களா என்று பேசாமல் இருந்துவிட்டார்கள். வெள்ளம் போகிற தரைப்பாலத்தில் பஸ் இறங்கும்போது டிரைவருக்குத் தெரியாதா என்று பயணிகள் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவரும் சத்தம் போடவில்லையே என்று டிரைவர் ஓட்டுவார். அதேதான்.

இவர்களுக்கு அறிவு போதவில்லை என்று சொல்லிவிட முடியுமா? அடுத்த வருடமே, 2013 ஏப்ரல் 20, கொலராடோவில் லவ்லேண்ட் பாஸ் அருகில் ஆறு பேர் போனார்கள். அன்றைய எச்சரிக்கை அறிக்கையைப் படித்திருந்தார்கள். எந்தச் சரிவு ஆபத்து என்று பேசியிருந்தார்கள். ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டுத்தான் நடந்தார்கள். அந்தச் சரிவின் அடிவாரத்தைக் கடந்து மரங்கள் இருக்கும் பத்திரமான இடத்துக்குப் போய்விடலாம் என்பது திட்டம். கடப்பதற்குள் மேலிருந்து பனி சரிந்து வந்துவிட்டது. ஐந்து பேர் இறந்தார்கள்.

இயான் மெக்கம்மன் என்ற அமெரிக்கர், 1972 முதல் 2003 வரை அந்த நாட்டில் பொழுதுபோக்குக்காகப் பனிக்குப் போனவர்கள் சிக்கிய 715 பனிச்சரிவு விபத்துகளை எடுத்து வைத்துக்கொண்டு ஆராய்ந்தார். பழகிய இடம், கூட இருப்பவர்களிடம் நல்ல பெயர் வாங்கும் ஆசை, கிளம்பியாயிற்று முடிக்க வேண்டும் என்ற பிடிவாதம், விஷயம் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பு, வேறு ஆட்கள் வருவதற்குள் முதலில் இறங்கிவிட வேண்டும் என்ற அவசரம் என்று அவர் ஒரு பட்டியல் போட்டார். படித்துப் பாருங்கள், பட்டியலில் பனி எங்கேயுமே இல்லை. எல்லாம் மனிதர்கள்தான்.

இப்போது உங்கள் நண்பர்களின் பத்துப் பதினைந்து வருட அனுபவத்துக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இதில் நான் நீட்டத்தான் போகிறேன்.

தெளிந்த குளிர் இரவுகளில் பனியின் மேற்பரப்பில் மெல்லிய படிகங்கள் வளரும். அதன் மேல் புதுப் பனி விழுந்து, காற்றில் இறுகி, பலகையாகும். அடியில் அந்தப் படிக அடுக்கு பிடிமானமே இல்லாமல் கிடக்கும். 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவில் ஒருவருடைய எடை விழக்கூடாத இடத்தில் விழுந்தால் அடுக்கு நொறுங்கும், விரிசல் ஓடும், பலகை மொத்தமும் கழன்று வரும். பனிச்சரிவில் சிக்கும் ஸ்கீக்காரர்களில் பத்துக்கு ஒன்பது பேர் விஷயத்தில் அதைக் கிளப்பிவிடுவது அவர்களோ அவர்களோடு வந்தவர்களோதான். ஆனால் பலகை எல்லா இடத்திலும் ஒரே தடிமன் கிடையாது. மெலிந்த இடத்தில் மிதித்தால் போச்சு, இரண்டடி தள்ளி மிதித்தால் ஒன்றும் ஆகாது. நாலு பேர் இறங்கிய தடம் இருக்கிறது என்று ஐந்தாவது ஆள் இறங்கும்போது கழன்ற சரிவுகள் உண்டு.

அப்படியானால் உங்கள் நண்பர்கள் இத்தனை வருடத்தில் எத்தனை முறை இரண்டடியில் தப்பினார்கள்? அவர்களுக்கே தெரியாது. சரிவு சொல்லாது. இறங்கி வந்து, பியர் குடித்து, அருமையான நாள் என்று படம் போட்டிருப்பார்கள். தப்பான முடிவும் சரியான முடிவும் ஒரே மாதிரி முடிகிற இடத்தில் எத்தனை வருடம் இருந்தாலும் கற்றுக்கொள்வது கொஞ்சம்தான். துணிச்சல் மட்டும் வருடா வருடம் கூடும்.

இதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. பல வருடம் முன்பு ஒரு இலக்கியக் கூட்டத்துக்காக சுவிட்சர்லாந்து போயிருந்தேன். ஈழத்து நண்பர் ஒருவர் வீட்டில் தங்கல். டாவோஸ் பக்கத்துப் பள்ளத்தாக்கு ஒன்றில், பனிக்காலணி மாட்டிக்கொண்டு நடக்கிற குழுவில் என்னையும் சேர்த்துவிட்டார். வழிகாட்டி ஒரு பெண்மணி, ஐம்பது வயது இருக்கும். அந்த நாட்டில் பனிச்சரிவு அறிக்கை மாலை 5 மணிக்கும் மறுநாள் காலை 8 மணிக்கும் வரும். அவர் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். மேட்டை நெருங்கும்போது ஒரு சரிவைக் கடக்க வேண்டியிருந்தது. கைக்கோலைப் பனியில் படுக்க வைத்துச் சாய்வைப் பார்த்தார். கொஞ்ச நேரம் நின்றார். "இன்றைக்கு இத்தோடு போதும்" என்று திரும்பிவிட்டார்.

நாங்கள் திரும்பி நூறு அடி நடந்திருக்க மாட்டோம். வேறொரு குழு, நாலு பேர், ஸ்கீயில் அதே சரிவைக் குறுக்கே கடந்து போனார்கள். எங்களைப் பார்த்துக் கையாட்டினார்கள். எங்கள் குழுவில் ஒரு பல் டாக்டர் இருந்தார், அவருக்குத் தாங்கவில்லை. "பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லையே, நாங்கள் காசு கொடுத்திருக்கிறோம்" என்று சாயங்காலம் வரை அந்த அம்மாளை அரித்துக்கொண்டே இருந்தார். அவர் ஃபிளாஸ்கிலிருந்து எல்லாருக்கும் தேநீர் ஊற்றினார். "அவர்கள் நல்லபடியாகப் போய்விட்டார்கள், சந்தோஷம்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் அந்தச் சரிவு அப்படியே இருந்தது.

இதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். போகலாம் என்று சொல்கிறவர் அநேகமாக ஒவ்வொரு முறையும் ஜெயித்துவிடுகிறார். ஒரு சரிவு நூறு பேர் கடந்தால் ஒருவரிடம் கழலும் என்று வைத்துக்கொள்வோம். அது பயங்கரமான சரிவு, யாரும் போகவே கூடாத சரிவு. அதிலும் தொண்ணூற்றொன்பது முறை போகலாம் என்றவர் சொன்னதுதான் பலித்திருக்கும். வேண்டாம் என்றவர் பேச்சைக் கேட்டுத் திரும்பினால் அவர் சொன்னது சரி என்று காட்ட ஒரு வழியும் இல்லை. சரிவு அங்கேயேதான் நிற்கும். வீணாகப் போன நாளும், பல் டாக்டரின் முணுமுணுப்பும்தான் அவருக்கு மிச்சம். இப்படி நாலு முறை ஆனால் அடுத்த முறை யார் வாயைத் திறப்பார்கள்? டனல் கிரீக்கில் அத்தனை பேரும் பேசாமல் நின்றது கோழைத்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை. வேண்டாம் என்று சொன்னவருக்கு நாம் என்ன மரியாதை கொடுத்திருக்கிறோம், அவர்கள் பேசுவதற்கு?

எச்சரிக்கை ஐந்து நிலைகளில் வருகிறது. மூன்றாம் நிலை நாட்களில்தான் அதிகம் பேர் சாகிறார்கள். நாலு, ஐந்து என்றால் பெரும்பாலோர் அந்தப் பக்கம் போவதில்லை. மூன்று என்றால் இடம் பார்த்து, பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்று கிளம்புகிறார்கள். பேசினால் பரவாயில்லை. பேசுவதில்லையே!

அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். அவருக்குப் புரிய வைக்க வேண்டாம், புரியாது, புரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவர் சொல்லும் "வேண்டாம்" உங்களுக்கு உபயோகம் இல்லாததும் உண்மைதான். நீங்கள் பைக் வாங்கியபோதும் வேண்டாம் என்றிருப்பார், அமெரிக்கா போனபோதும் வேண்டாம் என்றிருப்பார். எல்லா நாளும் வேண்டாம் என்கிறவரையும் எல்லா நாளும் போகலாம் என்கிறவரையும் வைத்துக்கொண்டு ஒரு சரிவைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. பாவம், கரூரில் உட்கார்ந்துகொண்டு அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் கையில் இருக்கிறது. வீடியோ அனுப்புவதை நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்ததும் கூப்பிட்டு என்ன சாப்பிட்டீர்கள் என்று பேசுங்கள்.

உங்கள் நண்பர்களிடம்தான் இனி வேலை. அடுத்த முறை கார் நிறுத்தும் இடத்திலேயே, ஸ்கீயை மாட்டும் முன், இன்றைக்கு எந்தெந்தச் சரிவுக்குப் போவதே இல்லை என்று முடிவு செய்துகொள்ளலாமா என்று கேளுங்கள். மேலே ஏறிய பிறகு, வெயிலும் புதுப் பனியும் கண் முன்னால் இருக்கும்போது எடுக்கிற முடிவு நிற்காது. அப்புறம், நம் ஐந்து பேரில் யார் ஒருவர் வேண்டாம் என்றாலும், அவர் நேற்று வந்த ஆளாக இருந்தாலும், காரணம் கேட்காமல் எல்லாரும் திரும்புவோமா என்று கேளுங்கள். நான் கண்டுபிடித்த விதி இல்லை இது, பயிற்சிகளில் சொல்லிக் கொடுப்பதுதான். உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள், நீங்கள் சாமான் பட்டியலை மட்டும் குறித்துக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

சரி என்றார்கள் என்றால் நல்ல குழு, போய் வாருங்கள். சிரித்தார்கள் என்றால் சண்டை போட வேண்டாம். ரிசார்ட்டுக்கு அவர்களோடு போங்கள். பேக்கன்ட்ரிக்கு வேறு ஆள் தேடுங்கள்.