நிரூபணமாகாத மருந்துகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினைக் கொரோனாவுக்குத் தர அனுமதி அளித்தவர்களே பின்பு வேண்டாம் என்றார்கள். இவர்களை எப்படி நம்புவது?

பதில்: அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 மார்ச் இறுதியில் அவசர அனுமதி அளித்து, ஜூன் நடுவில் திரும்பப் பெற்றது. இடையில், கொரோனா சிகிச்சைகளைச் சோதித்த பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, ஏறக்குறைய 4,700 நோயாளிகளை ஒப்பிட்டு, அம்மாத்திரையால் இறப்பு குறையவில்லை என்று காட்டியிருந்தது. சான்று வந்தபின் முடிவை மாற்றியதில் பிழையில்லை. மார்ச்சிலேயே 'இது வெறும் ஊகம்' என்று உரக்கச் சொல்லாததுதான் பிழை.

கேள்வி: எங்கள் தெருவில் எல்லோரும் கபசுரக் குடிநீர் குடித்தோம், ஒருவருக்கும் கொரோனா வரவில்லை. இதைவிடச் சான்று வேண்டுமா?

பதில்: வேண்டும். குடிக்காத தெருவில் எத்தனை பேருக்கு வந்தது என்று எண்ணிவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: 2021 ஏப்ரலில் கொரோனா கண்ட அண்ணனுக்காக இரவெல்லாம் அலைந்து பிளாஸ்மா (நோயிலிருந்து மீண்டவர்களின் இரத்தத் திரவம்) வாங்கினோம், பிழைக்கவில்லை. நாங்கள் தாமதித்ததுதான் காரணமா?

பதில்: இல்லை. அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். நம் நாட்டின் 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் நடத்திய ஆய்வு, பிளாஸ்மா ஏற்றியவர்களுக்கும் ஏற்றாதவர்களுக்கும் நோய் முற்றுவதிலோ இறப்பிலோ வேறுபாடு இல்லை என்று 2020 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. 11,000 பேருக்கு மேல் பங்கேற்ற ரெக்கவரி ஆய்வும் அடுத்த ஜனவரியில் அதையே உறுதி செய்தது. ஆயினும் நம் சிகிச்சை வழிகாட்டியிலிருந்து பிளாஸ்மா நீங்கியது 2021 மே நடுவில்தான். அந்த எட்டு மாதமும் மருத்துவர்கள் சீட்டெழுத, உறவினர்கள் தெருத்தெருவாக அலைந்தார்கள். அப்போது என்னிடம் வந்த ஒரு சீட்டில் இரத்த வகையும், அடிக்கோடிட்டு 'பிளாஸ்மா 2 யூனிட், அவசரம்' என்பதும் மட்டுமே இருந்தன. நோயின் எத்தனையாவது நாள், ஆக்சிஜன் அளவு என்ன என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. ஏதாவது செய்தோம் என்று காட்டிக்கொள்ள எழுதும் சீட்டு, தோற்கும்போது பழியைக் குடும்பத்தின் தலையில் கட்டிவிடுகிறது. இருபது ஆண்டுகளாக நான் சொல்லிச் சலித்தது இது.

கேள்வி: உயிர் போகும் நேரத்தில் புது மருந்து தராமல் ஒப்பீட்டுக் குழு வைப்பது கொடுமையல்லவா?

பதில்: காங்கோவில் 2018-19இல் எபோலாவுக்கு நான்கு மருந்துகளை ஒப்பிட்டபோது மருந்தே இல்லாத போலிச் சிகிச்சை யாருக்கும் தரப்படவில்லை. அந்த நான்கில் ஒன்றான, 2014இல் மீட்பராகக் கொண்டாடப்பட்ட இசட்மேப் பெற்றவர்களில் பாதிப்பேர் இறந்தார்கள். இரண்டு புதிய மருந்துகளைப் பெற்றவர்களில் இறந்தது மூன்றில் ஒரு பங்கு. ஒப்பிடாமல் விட்டிருந்தால் எல்லோருக்கும் இசட்மேப்பே போயிருக்கும்.

கேள்வி: ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெதசோன் கொரோனாவுக்கு நிரூபணமான மருந்துதானே, வீட்டில் வாங்கி வைக்கலாமா?

பதில்: கூடாது. வென்டிலேட்டரில் இருந்தவர்களிடம் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்த அதே மருந்து, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் தரவில்லை. சர்க்கரையை வேறு ஏற்றும். வயதையும் சர்க்கரை அளவையும் எழுதாமல் மருந்து கேட்கும் கடிதங்களுக்கு இனிப் பதில் கிடையாது.