தொண்டையில் கிருமி, உடம்பில் நோயில்லை: கேள்வி பதில்

கேள்வி (ஒரு தாய்): என் எட்டு வயது மகளின் தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருப்பதாகப் பள்ளியில் நடந்த பரிசோதனையில் சொன்னார்கள். அவளுக்குக் காய்ச்சலோ வலியோ இல்லை. மருந்து கொடுக்க வேண்டாமா?

பதில்: வேண்டாம், அம்மா. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், நலமாக இருக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ 12 விழுக்காட்டினரிடம் இக்கிருமி காணப்பட்டது. அப்படியானால் நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் நான்கைந்து பேர். இவர்களால் பிறருக்குத் தொற்றுவதும், இவர்களுக்கே வாதக் காய்ச்சல் (இத்தொற்றுக்குப் பின் மூட்டுகளையும் இதயத்தையும் தாக்கும் நோய்) வருவதும் அரிது. குடும்பத்தில் யாருக்கேனும் முன்பு வாதக் காய்ச்சல் வந்திருந்தால் மட்டும் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி (ஓர் ஆசிரியர்): என் மகனுக்குச் சளி பிடிக்கும்போதெல்லாம் சோதனையில் இதே கிருமி வருகிறது. கடையில் மூன்று நாளுக்கு அசித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை வாங்கிக் கொடுக்கிறோம். தவறா?

பதில்: தவறுதான். மூக்கொழுகலும் இருமலும் குரல் கம்மலும் சேர்ந்திருந்தால் நோய்க்குக் காரணம் பெரும்பாலும் வைரஸே. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அங்கே ஏற்கெனவே குடியிருக்கிறது, அவ்வளவே. அசித்ரோமைசின் கடைசி மாத்திரைக்குப் பிறகும் பல நாள் குறைந்த அளவில் உடலில் தங்குவதால், எதிர்ப்புத் திறனுள்ள கிருமிகளே தப்பிப் பெருக வழி கிடைக்கிறது.

கேள்வி (ஒரு செவிலியர்): அந்த எதிர்ப்பை ஆய்வகத்தில் எப்படிக் கண்டறிகிறீர்கள்?

பதில்: பெனிசிலினை முறியடிக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் (இத்தொண்டைக் கிருமியின் முழுப் பெயர்) இன்றுவரை நோயாளிகளிடம் காணப்படவில்லை, சிக்கல் அசித்ரோமைசினும் அடங்கிய எரித்ரோமைசின் வகையில்தான். இரத்தம் கலந்த அகார் என்னும் வளர்ப்புக் கூழ்த் தட்டில் கிருமியைப் பரப்பி, எரித்ரோமைசின், கிளிண்டாமைசின் (இன்னொரு கிருமிக்கொல்லி) மருந்து வில்லைகளை அருகருகே வைத்து மறுநாள் பார்ப்போம். கிளிண்டாமைசினைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் எரித்ரோமைசின் பக்கம் மட்டும் தட்டையாகி, ஆங்கில 'டி' எழுத்துப்போல் தெரிந்தால், கிருமி கிளிண்டாமைசினுக்கான தன் எதிர்ப்பை ஒளித்து வைத்திருக்கிறது என்று பொருள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வடிவத்தைக் கண்டால் சற்று நேரம் தட்டைக் கீழே வைக்க மனம் வருவதில்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஒரே தொடக்கப் பள்ளியில் 2000-01 கல்வியாண்டில் எடுத்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மாதிரிகளில் 48 விழுக்காடு எரித்ரோமைசினுக்கு மசியவில்லை. பின்லாந்தில் அம்மருந்து வகையின் பயன்பாட்டைக் குறைத்த பின், 1992இல் 16.5 விழுக்காடாக இருந்த எதிர்ப்பு 1996இல் 8.6ஆக இறங்கியது.

கேள்வி (ஒரு தந்தை): என் பிள்ளைக்கு ஏ.எஸ்.ஓ. (இக்கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை அளக்கும் இரத்தப் பரிசோதனை) அளவு அதிகமாக இருக்கிறது. பெனிசிலின் ஊசி தொடர்ந்து போட வேண்டும் என்கிறார்கள்.

பதில்: அந்த எண் எப்போதோ தொற்று வந்து போனதை மட்டுமே சொல்லும், பள்ளி வயதில் நலமாக உள்ள பிள்ளைகளிடமும் அது 200ஐத் தாண்டுவது சாதாரணம். மூட்டு வீக்கமோ இதயக் கோளாறோ இல்லாதபோது, அதை மட்டும் வைத்து ஊசியைத் தொடங்கக் கூடாது.