பழைய ராலி கார்களில் ஹெட்லைட் வளையம் குரோமா, கறுப்பா?

1966 மான்டி கார்லோ ராலியில் ஓடிய மினி கூப்பர் எஸ் காரின் சின்ன மாடல் செய்கிறேன், ஹெட்லைட் வளையத்துக்கு என்ன நிறம் அடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். குரோம்தான், யோசிக்கவே வேண்டாம்.

ராலி கார் என்றாலே கறுப்பு என்ற எண்ணம் பானட்டைப் பார்த்து வந்தது. 1971 சஃபாரி ராலியை எட்கர் ஹெர்மன் ஜெயித்த டாட்சன் 240இசட், 1972 மான்டி கார்லோவை சாண்ட்ரோ முனாரி ஜெயித்த லான்சியா ஃபுல்வியா, இரண்டுமே சிவப்பு உடம்பும் பளபளப்பில்லாத கறுப்பு பானட்டும்தான். பானட்டில் பட்ட வெளிச்சம் ஓட்டுபவரின் கண்ணில் அடிக்கக் கூடாது என்பதுதான் காரணம். ஹெட்லைட் வளையமோ ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது, ஸ்டீயரிங் பிடித்திருப்பவருக்கு அது கண்ணிலேயே படாது, அதைக் கறுப்பாக்கி என்ன லாபம்? பின்னாளில் பழைய காரைப் புதுப்பிக்கிறவர்கள் கறுப்பு அடிப்பது பெரும்பாலும் அழகுக்குத்தான், அதை வைத்து அந்தக் காலத்துக் காரை முடிவு செய்யாதீர்கள்.

மினியில் அந்த வளையம் வெறும் அலங்காரம் மட்டுமில்லை. உள்ளே கண்ணாடியைப் பிடித்திருக்கும் இன்னொரு வளையத்தையும், வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்று திருப்பிச் சரிசெய்யும் திருகுகளையும் அதுதான் மூடியிருக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கழன்று வந்துவிடும்.

1966 மான்டி கார்லோவில் வம்பு வந்ததும் வளையத்தால் இல்லை, அதற்குள் இருந்த பல்பால். மினி ஓட்டிய மாக்கினன், ஆல்டோனன், ஹாப்கிர்க் மூவரும் முதல் மூன்று இடம் பிடித்தார்கள். சாதாரண மினியில் இருப்பது டிம்முக்கும் பிரைட்டுக்கும் சேர்த்து இரண்டு இழை உள்ள பல்பு. இவர்கள் போட்டிருந்தது ஒற்றை இழை அயோடின் பல்பு (ஹாலஜன் வகை), டிம் அடித்தால் ஹெட்லைட் அணைந்து ஃபாக் லைட் மட்டும் எரியும். விதிக்குப் பொருந்தாது என்று மூன்று பேரையும் நீக்கிவிட்டார்கள், ரோஜர் கிளார்க்கின் லோட்டஸ் கார்ட்டினாவையும் சேர்த்து. வெற்றி சிட்ரோயன் ஓட்டிய பவுலி டொய்வோனனுக்குப் போனது. என்னைக் கேட்டால், ஜெயித்தது மினிதான். அடுத்த வருஷம் ஆல்டோனன் அதே ராலியை மினியிலேயே ஜெயித்துக் காட்டினார்.

அப்புறம், சர்க்யூட் ரேஸ் படங்களில் ஹெட்லைட் மேல் பெருக்கல் குறி போல டேப் ஒட்டியிருப்பார்களே, அதை ராலி மாடலில் ஒட்டிவிடாதீர்கள். கண்ணாடி உடைந்தால் சில்லுகள் டிராக்கில் சிதறி பின்னால் வருபவரின் டயரைக் கிழிக்கும், அதற்காக ஒட்டியது. ராத்திரி முழுக்க மலையில் ஓடும் காருக்கு அது வெளிச்சத்தைத்தான் மறைக்கும்.

அடுத்து ஃபுல்வியா 1.6 எச்எஃப் செய்யும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: முதல் சீரிஸ் காரில் நான்கு விளக்கும் ஒரே அளவு கிடையாது, உள்பக்கம் இருக்கும் இரண்டும் பெரியவை. நான்கையும் ஒரே அளவில் வைத்தால் அது வேறு ஃபுல்வியா ஆகிவிடும்.