பேக்கப் எதில் எடுப்பது? சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: படங்கள், வீடியோக்கள், கணக்கு வழக்கு எல்லாம் சேர்த்து 600 ஜிபி இருக்கிறது. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குவதா, எஸ்எஸ்டி வாங்குவதா?

பதில்: ஹார்ட் டிஸ்க்கே வாங்குங்கள், 2 டிபி போதும். எஸ்எஸ்டி சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிப்பது; வேகமானது, கீழே விழுந்தாலும் தாங்கும். தினமும் பையில் போட்டுக்கொண்டு அலைபவருக்கு அதுதான் சரி. பேக்கப்போ மாதக்கணக்கில் அலமாரியில் சும்மா கிடக்கும் பொருள். எஸ்எஸ்டியில் தரவு மின்னூட்டமாக நிற்கிறது. மின்சாரம் காட்டாமலே வைத்திருந்தால் மெல்லக் கசியும், வெப்பத்தில் இன்னும் சீக்கிரம். எழுதி எழுதித் தேய்ந்த எஸ்எஸ்டி, 30 டிகிரியில் மின்சாரமின்றி ஒரு வருடம் தாங்கினால் போதும் என்பதுதான் மெமரி சிப்களுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலையே. புதிது கூடுதலாகத் தாங்கும், ஆனாலும் நான் வைக்க மாட்டேன். ஹார்ட் டிஸ்க்குக்கு எதிரி கீழே விழும் அதிர்ச்சிதான். அது 'டக், டக்' என்று ஒரே தாளத்தில் தட்ட ஆரம்பித்தால் உடனே கழற்றிவிடுங்கள். திரும்பத் திரும்பச் செருகிப் பார்த்தால் மிச்சமிருப்பதும் போய்விடும்.

கேள்வி: என் 64 ஜிபி பென்டிரைவ் காலியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் 5 ஜிபி வீடியோவை ஏற்க மறுக்கிறதே?

பதில்: ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள், ஏறிவிடும். ஆனால் பென்டிரைவ் கோப்பை ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கத்தான், பத்திரப்படுத்த இல்லை.

கேள்வி: சார், எல்லாமே கூகுள் டிரைவில் தானாக ஏறிவிடுகிறது. அப்புறம் தனியாக பேக்கப் எதற்கு?

பதில்: இங்கே அழித்தால் அங்கேயும் அழியும் என்பதை யோசித்தீர்களா? குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும், பிறகு தேடினால் கிடைக்காது. அதற்காகக் கிளவுட் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டில் தீ, திருட்டு என்று வந்தால் கம்ப்யூட்டரும் அலமாரியில் இருக்கும் டிஸ்க்கும் சேர்ந்தே போகும். அப்போது கைகொடுப்பது வெளியே இருக்கும் பிரதிதான். அப்லோட் வேகத்தை மட்டும் கணக்குப் பாருங்கள். முதலில் கேட்டவரின் 600 ஜிபியை 10 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 10 மெகாபிட்) வேகத்தில் ஏற்ற, இடைவிடாமல் ஓடினாலும் ஐந்தரை நாள் ஆகும். அதனால் திரும்ப எடுக்கவே முடியாத குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் முதலில் ஏற்றுங்கள். டவுன்லோட் செய்த சினிமாவெல்லாம் கடைசியில் போகட்டும், போகாவிட்டாலும் பரவாயில்லை.

கேள்வி: ஹார்ட் டிஸ்க்கை எப்போதும் செருகியே வைத்திருக்கிறேன், தினமும் ராத்திரி தானாக பேக்கப் ஓடும். போதும்தானே?

பதில்: டிஸ்க் கெட்டுப்போவதற்கு எதிராகப் போதும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வைரஸுக்கு எதிராகப் போதாது. அது உள்ளே புகுந்தால் சி டிரைவோடு நிற்காது. செருகியிருக்கும் எல்லா டிரைவிலும் இருக்கும் கோப்புகளையும் பூட்டிவிடும். இன்னொரு டிஸ்க் வாங்கி, வாரம் ஒன்றாக மாற்றி மாற்றிச் செருகுங்கள். கழற்றி வைத்ததை எந்த வைரஸும் தொட முடியாது.

கேள்வி: இரண்டு டிஸ்க் போட்டு ரெய்டு 1 வைத்திருக்கிறேன்.

பதில்: ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் ஒருசேர எழுதும் முறை அது, பேக்கப் இல்லை. ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காது, அவ்வளவுதான். தவறி அழித்த கோப்பு இரண்டிலும் ஒரே நேரத்தில் அழியும்.

கேள்வி: டிவிடியில் எழுதி வைக்கலாமா?

பதில்: ஒன்றில் 4.7 ஜிபிதான். 600 ஜிபிக்கு 128 டிவிடி வேண்டும். ஒருமுறை எழுதியதை மேலெழுத முடியாது என்பது நல்ல குணம்தான், ஆனால் புது லேப்டாப்களில் டிவிடி போடவே இடம் இருப்பதில்லை.

கேள்வி: பேக்கப் சரியாக எடுத்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, ஏதாவது ஒரு ஃபோல்டரை மீட்டெடுத்து, உள்ளே இருக்கும் படத்தையும் பெரிய வீடியோவையும் திறந்து பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். டிஸ்க்கை விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டியிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். அதே டிஸ்க்குக்குள் சேமித்து வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.