திருகோணமலையில் இரவு வானத்து ஒளிகளுக்கும் புரியாத ஓசைகளுக்கும் மின்சாரம்தான் காரணமா?

உப்புவெளிப் பக்கம் இரவில் கேட்கும் இரைச்சல், நீல ஒளி, கடல்மேல் சத்தமில்லாத வெளிச்சம், எரிநட்சத்திரம் விழுந்தபோது கேட்ட சீறல், விடியலில் ஒரு முழக்கம் என்று எல்லாவற்றையும் அடுக்கி, மின்சாரம்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். சிலவற்றுக்கு ஆம், முழக்கத்துக்கு அநேகமாக இல்லை.

இரைச்சலும் நீல ஒளியும் மின்கம்பத்துப் பீங்கான் காவலிகளின், அதாவது மின்சாரம் கம்பத்துக்குப் பாயாமல் கம்பியைத் தாங்கும் பீங்கான்களின், வேலை. மழையில்லாத மாதங்களில் கடற்காற்றின் உப்பு அவற்றின்மேல் படிகிறது. காய்ந்திருக்கும்வரை தொல்லையில்லை. பனியோ தூறலோ பட்டு நனைந்ததும் அந்த உப்பு மின்னைக் கடத்தத் தொடங்கும். கசியும் மின்னோட்டம் பீங்கானின் மேற்பரப்பில் பொரிந்துகொண்டே ஓடும். அருகிலுள்ள காற்று அயனாகி நீலம் கலந்த ஊதாவாக ஒளிரும். அடைமழை உப்பைக் கழுவிவிடுவதால் மாரியில் இது குறைந்துவிடும். பேய் என்று பயந்து இப்படி ஒளிரும் கம்பமுள்ள ஒழுங்கையால் போகாதவர்களை நான் பரிகசிப்பதில்லை. காரணம் பிழை, விலகிப்போவது சரி. டிரான்ஸ்போமரின் ரீங்காரம் வேறு: நமது 50 ஹேர்ட்ஸ் மின்னோட்டத்தில் அதன் இரும்பு அகணி (கம்பிச் சுருள்களுக்கு உள்ளேயிருக்கும் இரும்பு) செக்கனுக்கு 100 தடவை மிக நுண்ணியதாக நீண்டு சுருங்குகிறது.

கடல்மேல் தெரிவது தூரத்து மின்னல். உயரே போகப்போகக் காற்று குளிர்வதால் இடியோசை மேல்நோக்கி வளைந்துவிடும். ஏறக்குறைய 20 கிலோமீற்றருக்கு அப்பால் அது கேட்பது அரிது. ஒளி நூறு கிலோமீற்றர் தாண்டியும் தெரியும். இடிமுகிலுக்கு மேலே, 50 முதல் 90 கிலோமீற்றர் உயரத்தில், கண நேரம் தோன்றும் செந்நிற மின்னிறக்கமும் உண்டு. 1989இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில்தான் அது முதன்முதலாகப் படமானது.

எரிநட்சத்திரச் சீறல்தான் உண்மையான புதிர். அது எரிவது 80, 100 கிலோமீற்றர் உயரத்தில். ஓசை கீழே வர நான்கைந்து நிமிடங்கள் வேண்டும். ஆனால் பலர் ஒளியோடு சேர்த்தே கேட்டிருக்கிறார்கள். வானியலாளர் எட்மண்ட் ஹேலி இதைக் கற்பனை என்று ஒதுக்கினார். 1980இல் அவுஸ்திரேலியாவில் பணியாற்றிய பௌதிகவியலாளர் கொலின் கே, எரிநட்சத்திரம் எழுப்பும் தாழ்மீடிறன் (மெதுவாக அதிரும்) வானொலி அலைகள் நம் அருகிலுள்ள பொருட்களை அதிரச் செய்யலாம் என்றார். 2017இல் வெளியான ஆய்வொன்று மின்சாரத்தையே விட்டுவிட்டது: துடித்துத் துடித்து வரும் கடும் ஒளி தலைமுடியையும் இலைகளையும் சூடாக்க, அவற்றை ஒட்டிய காற்று அதிர்ந்து ஓசையாகிறதாம். மிகப் பிரகாசமான எரிநட்சத்திரங்களில் அத்தகைய துடிப்பு பதிவாகியிருப்பதால் எனக்கு இதுவே கூடுதலாக நம்பத்தக்கதாகப் படுகிறது.

முகிலே இல்லாத விடியலில் கடலிலிருந்து வரும் ஒற்றை முழக்கத்துக்கு வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. டைனமைட் போட்டு மீன் பிடிக்கும் சட்டவிரோத வேலை இந்தக் கரைக்குப் புதிதல்ல.

ஒளிக்கும் ஓசைக்கும் இடையே எத்தனை செக்கன் இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர் என்று கணக்கிடுங்கள். இடைவெளியே இல்லையென்றால் முதலில் மின்கம்பத்தைப் பாருங்கள், தள்ளி நின்று.